தடைக்காலத்து வானம்

ஏப்ரல் 15 வந்தால் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் விசைப்படகெல்லாம் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியிலும் வேலை பாதிதான். அப்படி ஒரு தடைக்காலத்தில், பொழுது போகாமல் ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தது. கணக்கு சரிதான். குவியத்தூரம் 700 மி.மீ.; அதை 4 மி.மீ. கண்வில்லையால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்தால் 175. இன்னும் பெரிதாக்கிக் காட்டக் கூடவே கொடுத்த மூன்று மடங்கு பார்லோ லென்ஸால் பெருக்கினால் 525. ஆனால் ஒளி வாங்கும் கண்ணாடியின் விட்டம் 76 மி.மீ. மட்டுமே. அந்த எண்ணின் இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 150 வரைக்கும்தான் அது உருப்படியாகக் காட்டும். அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது. இதெல்லாம் பணம் கட்டிய பிறகு படித்தது. ஸ்டாண்டோ ஈர்க்குச்சி மாதிரி. கச்சான் காற்றில் நிலா வெடவெடவென்று ஆடியது.

பெரியப்பா நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு, “அந்தக் கொழாய ஓரமா வையி தாயி. எது எங்க இருக்குன்னு மொதல்ல தெரியணும்ல” என்றார்.

சரி என்று அவரோடு கிளம்பினேன். (ராத்திரியில் கடற்கரைக்கா என்று அம்மா முனகியதைத் தனியாக எழுத வேண்டும்.) எங்கள் ஊருக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். முதலில் வடகடல் பக்கம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரி வடக்கே என்பதால், துருவ நட்சத்திரமும் கடலுக்கு மேலே ஒரு முஷ்டி உயரம்கூட இருக்காது. அடிவானத்து மங்கலில் பல நாள் தெரிவதே இல்லை. அன்றைக்குத் தெரிந்தது.

அப்படியே ஊரைக் குறுக்காகக் கடந்து தென்கடலுக்கு நடந்தோம். வழியில் போனைத் திறந்ததற்கு ஒரு திட்டு. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும்; ஒரு தடவை போனைப் பார்த்தால் பழையபடி முதலிலிருந்து. இப்போது பழகிய கண் கெடாமலிருக்க டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருக்கிறேன்.

மே மாத நடு. மணி ஒன்பது. விசைப்படகு வெளிச்சம் ஒன்றுகூட இல்லாத கடலுக்கு மேலே நாலு நட்சத்திரம் சிலுவையாக நின்றது. பெரியப்பா அதைக் குருசு என்பார். எழும்போது சாய்ந்து எழுமாம். நேராக நிமிர்ந்து நின்றால் அதற்கு நேர் கீழே தெற்கு. இடதுபக்கம் பளிச்சென்று இரண்டு. அதில் குருசுக்குத் தள்ளி இருப்பது ஆல்பா சென்டாரி, வெறும் 4.4 ஒளியாண்டு தூரம்.

அடுத்த மாசச் சம்பளத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். 10x50, அதாவது பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ். டெலஸ்கோப் விலையில் பாதிகூட இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதையே வாங்குங்கள், ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

அதில் நான் தேடிப் பிடித்தது ஒமேகா சென்டாரி. வழி சுலபம். சித்திரை நட்சத்திரம் உச்சிக்கு வரும் நேரத்தில், அதிலிருந்து தெற்கே நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்க வேண்டும். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி. பைனாகுலரில், கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி உருண்டையாக ஒரு புகை. அத்தனையும் நட்சத்திரம், சுமார் ஒரு கோடி. தூரம் கிட்டத்தட்ட 17,000 ஒளியாண்டு. அது ஒற்றை நட்சத்திரம் இல்லை என்று 1677-ல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி குறித்தபோது, அவர் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிப் போயிருந்தார். லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. எனக்குத் தென்கடல் வரைக்கும் செருப்பு தேய்ந்ததோடு சரி.

பெரியப்பாவிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “கண்ணாடியில என்னமோ அப்பியிருக்கு” என்று தோள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார். பதறிப் பிடுங்கிக்கொண்டேன். நம்மூர்க் காற்றில் லென்ஸ் மேல் உப்பு படிந்திருக்கும். ஊதித் தள்ளாமல் தேய்த்தால் கீறிவிடும். இது நல்ல விலை கொடுத்து வாங்கியது, பெரியப்பா.

“அப்ப அது வானத்துலயா இருக்கு?” என்று மறுபடியும் கை நீட்டினார்.