ஷட்டர் ஏறும் நேரம்

முதல் புகார் தொலைபேசி மேசையிலிருந்து வந்தது. "பேசிக்கிட்டே இருக்கும்போது எதிர்ல இருக்கிறவங்க குரல் கிணத்துக்குள்ள போயிடுது சார். மூணு நாலு செகண்டுல திரும்பி வந்துடுது" என்றார் அங்கே பொறுப்பில் இருந்த அம்மா. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பிங் ஓட விட்டேன், சின்னச் சின்ன தரவுப் பொட்டலங்களை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒரு பாக்கெட்கூட வழியில் தொலையவில்லை. என் இருக்கைக்குத் திரும்புவதற்குள் மறுபடி அழைப்பு: "நீங்க எழுந்து போனதும் வந்துச்சு."

நெட்வொர்க் வேலையில் இந்த ரகம்தான் கொடுமை. முழுசாகப் படுத்துவிட்டால் எது செத்தது என்று தேடிப் போகலாம். வந்து வந்து போகிறதென்றால், அது வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாடி அலுவலகம், பின்னால் ஒரு குடோன், கேபிள்களைச் செருகிச் சாதனங்களை இணைக்கும் பெட்டிகளான சுவிட்சுகள் முப்பத்துச் சொச்சம். எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன வரைபடத்தில் பாதிப் பெட்டிகளுக்குப் பெயரே இல்லை. கணினி, தொலைபேசி, கேமரா, பிரிண்டர் எல்லாம் ஒரே விலானில் (நெட்வொர்க்கைத் தனித்தனி அறைகள் போலப் பிரிக்கும் ஏற்பாடு) கிடந்தன. பார்த்த அன்றே இதையெல்லாம் பிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இரண்டு நாள் வீணாய்ப் போனது. தொலைபேசிக் குழு நெட்வொர்க்கைக் கை காட்டியது, நான் அவர்களுடைய சர்வரைக் கை காட்டினேன். என்னிடம் ஆதாரமாக கிராஃப் இருந்தது. எந்த லிங்க்கும் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த கிராஃப் ஐந்து நிமிடச் சராசரி என்பதும், நான்கு நொடி வெள்ளம் ஐந்து நிமிடத்தில் கரைந்து காணாமல் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அடுத்தவர் மேல் பழியைப் போடும் அவசரத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும்.

கண்டுபிடித்தது என்னுடன் வேலை பார்த்த தம்பி. மூன்றாவது மாடி ரேக்கில் ஏதோ பேட்ச் கார்டு மாற்றப் போனவன் அங்கிருந்தே அழைத்தான். "அண்ணா, லைட்டெல்லாம் சேர்ந்து அடிக்குது." ஓடிப் போய் ரேக் முன்னால் நின்றேன். சாதாரணமாக சுவிட்சின் பச்சை விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் துடிக்கும். ஒன்று சும்மா இருக்கும், ஒன்று படபடக்கும். ஒன்றரை நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று 24 போர்ட்டும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல அடித்தன. நான்கு நொடி இருக்கும். பிறகு கலைந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தங்கள் பாட்டுக்குத் துடித்தன.

எல்லா போர்ட்டிலும் ஒரே போக்குவரத்து போனால்தான் விளக்குகள் அப்படி அடிக்கும். யாருக்கோ போக வேண்டியது எல்லாருக்கும் போகிறது. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் ஒரு பட்டியல் வைத்திருக்கும். வழக்கமாக ஒரு பதிவு, அந்தச் சாதனம் பேசாமலே இருந்தாலும், 300 நொடி நிற்கும். ஆனால் சுவிட்சுகளுக்கு இடையே வளையம் விழாமல் பாதைகளை மரம் போல அமைக்கும் ஸ்பேனிங் ட்ரீயில், டோபாலஜி, அதாவது இணைப்புகளின் அமைப்பு, மாறிவிட்டது என்று செய்தி வந்தால் அதன் வேகமான வடிவமான ரேபிட் முறையில் ஓடும் சுவிட்ச் அந்தப் பட்டியலை உடனே துடைத்துவிடும். பாதை மாறியிருக்கலாம், பழைய கணக்கை நம்பாதே என்பது அதன் நியாயம். துடைத்த பிறகு, இருப்பிடம் தெரியாத முகவரிக்கு வரும் பாக்கெட்டை எல்லா போர்ட்டிலும் வீசும். அந்தச் சாதனம் ஒருமுறை வாயைத் திறந்தால் போதும், மறுபடி கற்றுக்கொள்ளும்.

எங்கள் கேமரா ரெக்கார்டர் வாயைத் திறக்காத ஆசாமி. அறுபது கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட், எல்லாம் அதை நோக்கி ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அது சில நொடிக்கு ஒருமுறைதான் பதிலுக்கு ஏதாவது சொல்லும். அந்த இடைவெளியில் 240 மெகாபிட் கட்டடம் முழுக்கப் பாயும். மேசைத் தொலைபேசிகளோ 100 மெகாபிட் போர்ட்டில் இருந்தன. கிணற்றுக்குள்ளிருந்து குரல் வரும் ரகசியம் இதுதான்.

சரி, டோபாலஜி ஏன் மாறுகிறது? மற்ற சுவிட்சுகள் எல்லாம் வந்து சேரும் கோர் சுவிட்சில் 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீடெயில்' என்ற கமாண்டைப் போட்டேன். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அந்தப் பக்கத்தை நான் நிதானமாகப் படித்தது அன்றுதான். மொத்தம் எத்தனை மாற்றங்கள், கடைசி மாற்றம் எவ்வளவு நேரம் முன்பு, எந்த போர்ட்டிலிருந்து வந்தது, மூன்றும் அதில் இருக்கிறது. எண்ணிக்கை ஐந்து இலக்கத்தில். கடைசி மாற்றம் 41 நொடிக்கு முன். ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தேன். ஆறு கூடியிருந்தது.

அது காட்டும் போர்ட்டைப் பிடித்து அடுத்த சுவிட்சுக்குப் போக வேண்டும், அங்கேயும் அதே கமாண்ட், அங்கிருந்து அடுத்தது. இப்படியே போனால் கிளம்பிய இடம் வந்துவிடும். வந்தது. இரண்டாவது மாடியில் ஒரு சாதாரணக் கணினி. திரும்ப கோருக்கு வந்தால் அதற்குள் புதிதாக இன்னொன்று, வேறு மாடியிலிருந்து. அதைத் துரத்தினால் ஒரு பிரிண்டர். திருடனைத் துரத்தும்போது ஊரே சேர்ந்து ஓடினால் யாரைப் பிடிப்பது?

விஷயம் எளிது. கணினி செருகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் என்ற செட்டிங்கைப் போடவே இல்லை. போடாவிட்டால், அந்தப் பக்கம் இருப்பது கணினியா இன்னொரு சுவிட்சா என்று ஸ்பேனிங் ட்ரீக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று சுவிட்சாகவே பாவிக்கும். கணினி தூங்கி எழுந்தால் போர்ட் செத்துப் பிழைக்கும், மரத்தில் புதுக்கிளை முளைத்ததாக ஊருக்கெல்லாம் அறிவிப்பு போகும். யாரோ ஒருவர் லேப்டாப்பைத் திறந்ததற்கு முப்பது சுவிட்சுகள் மனப்பாடம் செய்ததை எல்லாம் மறந்தன.

அன்று இரவே கணினி செருகும் போர்ட்டுகளான அக்சஸ் போர்ட் எல்லாவற்றிலும் போர்ட்ஃபாஸ்ட்டும் பிபிடியு கார்டும் சேர்த்துப் போட்டேன். பிபிடியு என்பது ஸ்பேனிங் ட்ரீக்காக சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி. போர்ட்ஃபாஸ்ட் 'இங்கே சுவிட்ச் வராது' என்று நாம் கொடுக்கும் வாக்கு. பிபிடியு கார்டு அந்த வாக்கை யாராவது மீறினால் போர்ட்டை மூடிவிடும் காவல். 1 முதல் 22 வரை கணினிகள், 23, 24 கோர் பக்கம் போகும் அப்லிங்க் என்று கணக்குப் போட்டு ஒரே ஸ்கிரிப்டாக ஓட்டினேன். இரண்டாம் மாடியின் ஒரு சுவிட்சில் அப்லிங்க்கை யாரோ 12இல் செருகி வைத்திருந்தார்கள். கமாண்ட் போன மறு நொடி கோரிலிருந்து பிபிடியு வந்தது, கார்டு தன் கடமையைச் செய்தது, என் திரை உறைந்து நின்றது. உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியாயிற்று. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு, விளக்கணைந்த மாடியில் மொபைல் வெளிச்சத்தில் அந்த ரேக்கைத் திறந்தபோது இரவு பதினொன்றரை. ஸ்கிரிப்ட் எழுதும் முன் அப்லிங்க் எதில் என்று சுவிட்சிடமே கேட்டிருக்கலாம், ஒரு கமாண்ட்தான்.

மறுநாள் மீட்டிங் அறையில் ஒரு போர்ட்டும் கார்டு பட்டு மூடிக்கொண்டது. மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் குட்டி சுவிட்ச் ஒன்று, அதில் ஒரே கேபிளின் இரு முனையும் செருகியிருந்தன. அந்தக் குட்டிக்கு ஸ்பேனிங் ட்ரீ எல்லாம் தெரியாது. எங்கள் சுவிட்ச் அனுப்பிய பிபிடியுவே சுற்றிக்கொண்டு அதனிடம் திரும்பி வந்திருக்கிறது.

இதைக் கேள்விப்பட்ட மேலாளர் கேட்டார்: "இவ்வளவு தொல்லைன்னா இந்த ஸ்பேனிங் ட்ரீயையே நிறுத்திட்டு ஓட்ட முடியாதா?" நியாயமான கேள்விதான். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரூட்டரிலும் குறைந்து கடைசியில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஒன்று கிடையாது. வளையத்தில் மாட்டிய பிராட்காஸ்ட் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை பெருகிக்கொண்டே சுற்றும். 1985இல் டிஇசி என்ற கணினி நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் இந்த அல்காரிதத்தை உருவாக்கியதே அதற்குத்தான். 1990இல் அது 802.1டி என்ற பெயரில் பொதுத் தரநிலையானது, வேகமான வடிவம் 2001இல் 802.1டபிள்யூ என்று வந்தது. நிறுத்துவது இருக்கட்டும், கவனிக்காமல் வளர விட்டாலே என்ன ஆகும் என்பதற்கு மேலாளரிடம் பாஸ்டன் கதையைச் சொன்னேன். 2002 நவம்பரில் அங்கே பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் ஸ்பேனிங் ட்ரீ கோளாறில் நாட்கணக்கில் முடங்கி, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நாளுக்கு எழுநூறு போல இருந்த மாற்றங்கள் இருபதுக்குள் வந்தன. தொலைபேசி மேசையில் புகாரும் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. சொல்லப்போனால் மிச்சமிருந்தவை இன்னும் மோசம்: குரல் கிணற்றுக்குள் போவதோடு நிற்காமல் ஏழெட்டு நொடி முழுசாக அறுந்தது. இரைச்சல் அடங்கிய பிறகுதான் உள்ளே இருந்த நிஜமான நோய் காதில் விழுந்தது.

சுவிட்சின் பதிவேடான லாகில் ரூட், அதாவது மரத்தின் வேராக எல்லாரும் ஏற்கும் சுவிட்ச், மாறியதாக வரிகள் இருந்தன. ஆனால் எந்த லிங்க்கும் விழுந்ததாக ஒரு வரிகூட இல்லை. ரூட் யார் என்று பார்த்தேன். அந்த மேக் முகவரி என் பட்டியலில் எந்தச் சுவிட்சுக்கும் பொருந்தவில்லை. ரூட்டைத் தேர்ந்தெடுக்கும் பிரையாரிட்டி எண் 32769, அதாவது யாரும் தொடாத 32768உடன் விலான் எண் 1 சேர்ந்தது. சிறிய எண்தான் ஜெயிக்கும், எல்லாப் பெட்டியும் அதே எண்ணில் இருந்தால் மேக் முகவரி சிறியதாக உள்ளவருக்குப் பட்டாபிஷேகம். பழைய பெட்டிகளின் முகவரி பெரும்பாலும் சிறியதாக இருக்கும். போர்ட் போர்ட்டாகத் தேடிப் போனால் அரசர் குடோனில் இருந்தார். சுவரில் அடித்த பலகையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், விரல் பட்டால் கோடு விழும் அளவுக்குத் தூசியோடு எட்டு போர்ட் கிழவர் ஒருவர். மொத்தக் கட்டடமும் அவரை நடுவில் வைத்துத் தன் மரத்தை வரைந்துகொண்டிருந்தது.

சுவிட்ச்தான் ரீபூட் ஆகிறது என்று நினைத்தேன். கன்சோலைச் செருகிப் பார்த்தால் இரண்டு வருடமாக அணையவே இல்லை. அங்கிருந்து அலுவலகத்துக்கு ஃபைபர். இரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர். அப்போதுதான் உறைத்தது. கன்வெர்ட்டர் இடையில் இருந்தால் ஃபைபர் போனாலும் செம்புக் கேபிள் பக்கம் லிங்க் உயிரோடுதான் இருக்கும். ஃபைபர் விழுந்தால் இந்தப் பக்கத்தையும் விழ வைக்கும் வசதி சிலவற்றில் உண்டு, இதில் போடவில்லை. அதனால்தான் லாகில் தடயமே இல்லை. கோர் சுவிட்சின் கணக்கில் கேபிள் நன்றாக இருக்கிறது, ஆனால் 2 நொடிக்கு ஒருமுறை கிழவரிடமிருந்து வர வேண்டிய, 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ வரவில்லை. மூன்று தவறினால், அதாவது 6 நொடியில், ரூட் இறந்துவிட்டதாக முடிவு கட்டித் தேர்தல் நடத்தும். முடிசூட்டி முடிப்பதற்குள் கிழவர் திரும்பி வருவார். மறுபடி தேர்தல்.

ஆனால் ஃபைபர் ஏன் போகிறது? தம்பியை குடோனில் நிற்க வைத்து, நான் கோரில் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு மொபைலில் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. அவனுக்கு அலுத்துவிட்டது, யார் யார் என்ன பெட்டி தூக்குகிறார்கள் என்று வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். "லாரி வந்துடுச்சு அண்ணா. ஷட்டர் தூக்குறாங்க." பின்னணியில் மோட்டார் உறுமும் சத்தம். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு எண்ணியபோது திரையில் ரூட் மாறியது.

ஃபைபர் வந்து முடியும் சுவர்ப்பெட்டியை ஷட்டரின் சட்டத்துக்கு ஒட்டியே அடித்திருந்தார்கள். ஷட்டர் ஏறும்போதும் இறங்கும்போதும் சுவரே அதிர்ந்தது. பெட்டியைத் திறந்தேன். இரண்டு கனெக்டரில் ஒன்று சரியாக உட்காராமல் நூலிழை வெளியே நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன். 'க்ளிக்' என்று ஒரு சின்ன சத்தம்.

அதோடு முடித்துவிடலாம் என்றான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கனெக்டர் நாளைக்கே மறுபடி தளரலாம். தளர்ந்தால் குடோன் மட்டும் தவிக்கட்டும், கட்டடம் ஏன் தவிக்க வேண்டும்? இரவு ஆட்கள் போன பிறகு கோர் சுவிட்சுக்குப் பிரையாரிட்டி 4096, இரண்டாவது கோருக்கு 8192 கொடுத்தேன். 4096இன் மடங்காகத்தான் கொடுக்க முடியும், மீதி பிட்களில் விலான் எண் இருக்கிறது. கீழ்நோக்கிப் போகும் போர்ட்டுகளில், அந்தப் பக்கத்திலிருந்து யாரையும் ரூட் ஆக விடாத ரூட் கார்டு போட்டேன். அந்த மாற்றத்துக்கே எல்லாம் ஒருமுறை ஆடி நின்றது. பிறகு தம்பியை அனுப்பி கனெக்டரை வேண்டுமென்றே பிடுங்கச் சொன்னேன். குடோன் மட்டும் இருண்டது. அலுவலகப் பக்கம் யார் ரூட் என்பதில் சலனமில்லை. திரும்பச் செருகச் சொன்னேன். கேமராவுக்குத் தனி விலான் போட இன்னும் மூன்று வாரம் பிடித்தது, அது தனி வேலை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பழைய புகார் டிக்கெட்டை மூடலாம் என்று திறந்தேன். ஏற்கெனவே மூடியிருந்தது. காரணம் என்ற இடத்தில் தொலைபேசிக் குழுவிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள்: "சர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது."