புள்ளி எதற்கு, சேர்?

யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் கணிதம் படிப்பிக்கிற எனக்கு, ஒரு கோட்டுக்குச் சமாந்தரமாக, தந்த புள்ளி ஊடாகப் போகும் கோட்டின் சமன்பாட்டைக் காணும் கணக்கில் தரம் 11 பிள்ளைகள் கேட்பதில் மிகவும் பிடித்த கேள்வி இது: "சமாந்தரம் எண்டா படித்திறன் சமன்தானே சேர்? பிறகேன் ஒரு புள்ளியும் தந்திருக்கினம்?"

அப்படிக் கேட்கிற பிள்ளைக்குப் பாதிக் கணக்கு விளங்கிவிட்டது. வை = 2எக்ஸ் + 3 என்ற கோட்டுக்குச் சமாந்தரமாக எத்தனை கோடும் கீறலாம். எல்லாவற்றுக்கும் படித்திறன், அதாவது கோட்டின் சரிவு, 2. அவற்றில் நமக்கு வேண்டியது எது என்று காட்டுவதுதான் புள்ளி. (4, 1) ஊடாகப் போகவேண்டுமா? சரி, வை = 2எக்ஸ் + சி என்று எழுதிப் பிரதியிடு. 1 = 8 + சி. அப்போ சி = −7, கோடு வை = 2எக்ஸ் − 7. சிலர் பழைய 3ஐயும் அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். படித்திறனும் வெட்டுத்துண்டும் (கோடு வை அச்சை வெட்டும் இடத்தைக் காட்டும் அந்த 3) சமன் என்றால் அது பழைய கோடேதான்.

சமாந்தரத்துக்குத் தண்டவாளத்தை உதாரணம் சொல்வது வழக்கம். ஆனால் 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர் கட்டப் போன காலம் அது. இடையில் இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தண்டவாளம் படத்தில் மட்டும் கண்ட பொருள். அவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அதனால் முக்கோண வடிவ மூலைமட்டத்தை அடிமட்டத்தோடு சேர்த்துப் பிடித்து நகர்த்தச் சொன்னேன். சரிவு மாறாது, இடம் மட்டும் மாறும். புள்ளியைத் தொட்டதும் நிறுத்திக் கோட்டைக் கீறு. ரயில் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் கணக்கு வரும்.

3எக்ஸ் + 2வை = 12 என்ற கோட்டுக்குச் சமாந்தரமாக (2, 5) ஊடாகப் போகும் கோட்டைக் கேட்டால் பலர் படித்திறன் 3 என்பார்கள். வையைத் தனியாக்கினால் அது −3/2. அதை ஒருமுறை செய்து காட்டிவிட்டு, எனக்குப் பிடித்த வழியைச் சொல்வேன்: இடப்பக்கத்தைத் தொடாதே. (2, 5)ஐ அங்கே போடு, 6 + 10 = 16. விடை 3எக்ஸ் + 2வை = 16.

எக்ஸ் = 4 போன்ற நிலைக்குத்துக் கோட்டுக்குப் படித்திறனே இல்லை. அதற்குச் சமாந்தரமாக (−2, 5) ஊடாகப் போகும் கோட்டைக் கேட்டால், சூத்திரத்தை மட்டும் பாடமாக்கியவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். மூலைமட்டம் பிடித்தவர்கள் எக்ஸ் = −2 என்று உடனே எழுதிவிடுகிறார்கள்.