ஒரே மேசையில் முக்கால் மணி நேரம்

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை தன் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. பிளஸ் ஒன் படிக்கும் நான் இந்த ஆண்டு அங்கே தனியாகப் போய்வந்தேன். உடன் வருவதாக இருந்த தோழிக்கு முந்தைய நாள் மாலை காய்ச்சல் கண்டுவிட்டது; அப்பாவுக்குச் சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. பேருந்து ஏறியதும் ஒரு முறை, மெட்ரோ ஏறியதும் ஒரு முறை, வளாகத்துக்குள் நுழைந்ததும் ஒரு முறை அழைத்துச் சொல்வதாக உறுதி கூறிய பிறகுதான், இரவு பத்து மணிக்கு அம்மா அரைமனதாகத் தலையசைத்தார். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்றாலும், மாநில எல்லையைத் துணையின்றித் தாண்டுவது எனக்கு அதுவே முதல் முறை.

மெஜஸ்டிக் வரை பேருந்து, அங்கிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் யஷ்வந்த்பூர், பிறகு ஆட்டோ. கழகத்தின் முழுப்பெயரை நான் இரண்டு முறை சொல்லியும் ஆட்டோ ஓட்டுநர் விழித்தார். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் "டாடா இன்ஸ்டிட்யூட்" என்றதும் உடனே வண்டியைக் கிளப்பினார். அந்த ஊரில் இன்றும் அதுதான் வழக்குப் பெயர். பெயருக்கு உரியவரான ஜாம்ஷெட்ஜி டாடா 1904-இல் காலமானார். கழகம் நிறுவப்பட்டது 1909-இல், மாணவர்கள் வந்து சேர்ந்தது 1911-இல். தாம் காணாத கட்டடத்தின் முன்னால் அவர் சிலையாக நிற்பதைப் பார்த்தபடியே அம்மாவுக்கு மூன்றாவது அழைப்பைச் செய்து முடித்தேன்.

என் நோட்டில் பதினொரு துறைகளின் பெயர்களும் அவற்றுக்கு நேராக அரைமணிக் கணக்கும் எழுதப்பட்டிருந்தன. முதலாவது, 1942-இல் தொடங்கப்பட்ட வானூர்திப் பொறியியல் துறை. விமான மாதிரிகளை வேகமான காற்றில் வைத்துச் சோதிக்கும், அங்குள்ள பெரிய காற்றுச் சுரங்கத்தின் சோதனைப் பகுதி 14 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்டது. எங்கள் வகுப்பறையின் கரும்பலகைச் சுவரை அப்படியே பெயர்த்து உள்ளே வைத்துவிடலாம் என்று தோன்றியது. அதுவரை என் அட்டவணை சரியாகத்தான் ஓடியது. இயற்பியல் துறையில் ஒரு மேசைக்கு முன்னால் அது நின்றுபோயிற்று.

மேசையின் மேல் ஒரு தெர்மோகோல் கிண்ணம்; அதற்குள் கேரம் காயைவிடச் சற்றுச் சிறிய ஒரு கறுப்பு வட்டு. ஆராய்ச்சி மாணவி ஒருவர் அதன்மேல் திரவ நைட்ரஜனை ஊற்றினார். கிண்ணத்தின் விளிம்பில் வெண்மையாக வழிந்ததைக் காட்டி ஒரு சிறுவன் "புகை" என்று கத்த, அது நைட்ரஜனும் அல்ல, புகையும் அல்ல, அறைக் காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து உண்டான மூடுபனி என்று அவர் பொறுமையாகத் திருத்தினார். கொதிப்பு அடங்கிய பின், இடுக்கியால் ஒரு சிறிய காந்தத்தை எடுத்து வட்டுக்கு மேலே விட்டார். அது கீழே விழவில்லை. சில மில்லிமீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. விரலால் சுண்டியதும் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கியது.

தோழி வந்திருந்தால் பத்து நிமிடத்தில் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பாள். அப்பா வந்திருந்தால் நான் கேட்க நினைத்ததையெல்லாம் அவரே கேட்டு முடித்திருப்பார். தனியாக இருந்ததால் நான் பாட்டுக்கு ஓரமாக நின்று, கூட்டம் மூன்று முறை மாறும்வரை அதே செய்முறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது முறை அந்த ஆராய்ச்சி மாணவியே என்னைப் பார்த்துச் சிரித்து, ஓசூர் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். அவருக்குச் சேலம் பக்கமாம். பேச்சின் நடுவே "சூப்பர்கண்டக்டருக்குத் தமிழில் என்னம்மா?" என்று அவர் கேட்டார். அடுத்த ஆண்டுப் பாடநூலை முன்கூட்டியே புரட்டியிருந்ததால் "மீக்கடத்தி, அக்கா" என்றேன். அவர் மார்க்கரை எடுத்து, க் வருமா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு, ஆங்கில அட்டையின் கீழே அதை எழுதி வைத்தார்.

மிகவும் குளிர்ந்ததும் மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தி, காந்தத்தையும் விலக்கி மிதக்கவைக்கும் பொருள்தான் மீக்கடத்தி என்று அக்கா விளக்கினார். 1911-இல் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் மீக்கடத்தும் பண்பைக் கண்டது 4.2 கெல்வினில், அதாவது ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி செல்சியஸில்; அதற்குத் திரவ ஹீலியம் தேவை, அது விலை மிகுந்தது. இந்தக் கறுப்பு வட்டு இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் வகை. ஏறத்தாழ 92 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடுவதால், 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும். பீங்கான் எப்படி மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் என்று கேட்டேன். "அது ஏன்னு இன்னும் யாருக்குமே முழுசாத் தெரியாதும்மா," என்றார், சர்வ சாதாரணமாக. எங்கள் பாடநூலில் ஒவ்வொரு 'ஏன்?' வினாவுக்கும் ஐந்து மதிப்பெண் விடை உண்டு. விடையே இல்லாத ஒரு 'ஏன்?' எனக்கு முன்னால் கிண்ணத்தில் கிடந்தது.

இதே கழகத்தின் முதல் இயக்குநரான மோரிஸ் டிராவர்ஸ், 1898-இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து காற்றைத் திரவமாக்கிப் பிரித்துத்தான் நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றைக் கண்டறிந்தார் என்பதையும் அங்குதான் அறிந்தேன்.

உண்மையில் நான் விசாரிக்க வந்த செய்தி சேர்க்கை பற்றியது. உதவி மேசையில் அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது: 2011-இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு போன்ற தேர்வுகளில் நல்ல இடம் பெற வேண்டும். இதற்கு ஓசூரிலேயே இருந்திருக்கலாம்.

பதினொன்றில் நான்கு துறைகளைத்தான் பார்த்தேன். காணொளி எடுத்தே செல்பேசியின் சார்ஜைத் தீர்த்துவிட்டிருந்ததால், திரும்பும் செய்தியை அம்மாவிடம் சொல்ல ஒரு செல்பேசி வேண்டியிருந்தது; தெரிந்த முகம் என்று அந்த அக்கா ஒருவர்தானே. நாலரை மணிக்குப் போனபோது நைட்ரஜன் தீர்ந்து, காந்தம் வட்டின்மேல் சாதாரணமாகப் படுத்துக் கிடந்தது. அம்மாவிடம் பேசிவிட்டு, வட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஓட்டுச் சில்லைப் போல் சொரசொரப்பாக இருந்தது. குளிர்ச்சி சுத்தமாகப் போயிருந்தது.