கதவைத் தட்டாதீங்க, உள்ளே பிலிம் கழுவுறாங்க!

பிலிம் ரோல் காலத்தில் வீட்டில் படம் கழுவியவர்களுக்கு டார்க்ரூம் என்றால் பாத்ரூம்தான். ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி, கதவிடுக்கில் பழைய போர்வை. ராத்திரி பத்துக்கு மேல்தான் வேலை. அப்போதுதான் குளிக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் கும்மிருட்டில் ஸ்பூலில் பிலிமைச் சுற்ற ஆரம்பித்த மறுநொடி வீட்டில் யாருக்காவது வயிறு கலக்கும். இதற்கு எந்த கெமிஸ்ட்ரி புத்தகத்திலும் விளக்கமில்லை.

36 படம் எடுக்கும் பிலிம் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். பிளாஸ்டிக் ஸ்பூலில் பொட்டு ஈரம் இருந்தாலும் பாதி வழியில் அடம்பிடிக்கும். அமுக்கித் தள்ளினால் தடத்தை விட்டுக் குதித்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்குள் மருந்து போகாது. மாப்பிள்ளை முகம் அங்கேதான் இருக்கும்.

படத்தை வரவழைக்கும் மருந்து, அதாவது டெவலப்பர், பெரும்பாலும் டி-76. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. முக்கால் லிட்டர் வெந்நீரில், 50 டிகிரி சூட்டில், இதே வரிசையில் கரைத்து, பிறகு தண்ணீர் விட்டு லிட்டராக்க வேண்டும். சல்பைட்டை முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையவே கரையாது. கலக்கிய கரண்டி மறுபடி ரசத்துக்குள் போகக் கூடாது; அதைச் சமையலறைக்குச் சொல்லாமல் எடுத்து வந்தது தனி வழக்கு.

கழுவ 20 டிகிரி வேண்டும். மே மாதச் சென்னைக் குழாயில் வருவதோ பாதி வெந்நீர். ஐஸ்கட்டியை டெவலப்பருக்குள் போட்டால் மருந்து நீர்த்துப்போகும்; வெளியே வாளியில் போட்டு அதில் டேங்கை, அதாவது ஸ்பூலும் மருந்தும் இருக்கும் மூடிய டப்பாவை, நிறுத்த வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லையா, கழுவும் நேரம் 10 நிமிடத்தை 7 ஆக்கிக்கொள்ளலாம். ஜில்லென்ற டெவலப்பரிலிருந்து எடுத்துச் சூடான குழாய்த் தண்ணீரில் அலசினால் மட்டும் ஜெலட்டின் பாலாடை மாதிரி சுருங்கும், ஆயுசுக்கும் நிமிராது. கடைசியில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்புக்கு ஒரு நல்ல குணம்: கரையும்போது தானே தண்ணீரைக் குளிரவைக்கும்.

பிரிண்ட் போட சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, பதினைந்து வாட் வரை இழுக்கும். நம்பலாமா என்று பார்க்க, போட்டோ பேப்பர் துண்டின் மேல் நாலணாவை வைத்து, அந்த வெளிச்சத்தில் 5 நிமிடம் விட்டு டெவலப் செய்தால் போதும். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் பல்பு தள்ளிப் போகணும்.

பளபளப்புக்கு, நன்றாக அலசிய பேப்பரை பீரோக் கண்ணாடியில் முகம் குப்புற ஒட்டி, ரப்பர் உருளையால் குமிழி இல்லாமல் தேய்ப்பார்கள். காய்ந்ததும் படக் படக்கென்று தானே உதிரும். கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டிருந்தால் அந்த இடம் மட்டும் கழன்று வராது. காலையில் தலைசீவ வருகிறவர்களுக்குப் பாதி சித்தப்பா தெரிவார்.