ஜன்னலோரம் இருந்த பாட்டில்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பலகாரத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் போடுகிறோம். அங்கே என்ன ரசாயன ஆபத்து இருக்கப்போகிறது, எண்ணெய் தெறித்தால் உண்டு என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

அடுப்பை அணைத்த பிறகு வந்து பார்த்தால் தெரியும். பொரிக்கும் தொட்டியின் உள்பக்கம் எண்ணெய் கருகிப் பிசினாகப் படிந்திருக்கும், சாதாரண சோப்புக்கு அது அசையாது, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைக் கொதிக்கவிட்டுத்தான் எடுக்கிறோம். தரைக்கு பிளீச்சிங் கரைசல். கழிப்பறைக்கு ஆசிட். மூன்றும் அன்றாடம் கையாளுகிற சாமான் ஆகிவிட்டதால் பயம் விட்டுப்போகிறது.

அப்படித்தான் ஒரு தீபாவளி வாரத்தில் அது நடந்தது. 35 கிலோ கேனை ஒவ்வொரு தடவையும் தூக்க முடியாமல், ஒரு தம்பி காஸ்டிக் கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் தாகத்துக்கு எடுத்து வாயில் ஊற்றிவிட்டார். உடனே துப்பியதால் உதடும் நாக்கும் வெந்ததோடு போயிற்று. சுற்றி நின்றவர்களில் ஒருவர் எலுமிச்சைச் சாறு கொடுங்கள், சோடாவை முறிக்கும் என்கிறார், இன்னொருவர் வாந்தி எடுக்க வையுங்கள் என்கிறார். இரண்டும் தவறு. புளிப்பும் காஸ்டிக்கும் சேர்ந்தால் அங்கேயே சூடு கிளம்பும். வாந்தி எடுத்தால் போன வழியெல்லாம் இரண்டாம் முறை வேகும். வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். கொண்டுபோனோம். என்ன ரசாயனம், எவ்வளவு கெட்டி என்று டாக்டர் கேட்டார். எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ரசாயனத்தின் ஆபத்தும் முதலுதவியும் எழுதிய விவரத் தாள் அலுவலக பீரோவில் பூட்டிக் கிடந்தது, அதுவும் இங்கிலீஷில்.

அந்தப் பூட்டு இன்றும் என்னை உறுத்துகிறது. போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, தன் வேலையில் உள்ள ஆபத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதினார்கள். அத்தனை உயிர் போன பிறகு கிடைத்த உரிமையை நாங்கள் பீரோவில் வைத்திருந்தோம்.

சரி, என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் எதுவும் இப்போது உற்பத்திக் கூடத்துக்குள் வராது. ரசாயனம் எல்லாம் சிவப்புக் கேனில் மட்டும், அதன்மேல் தமிழில் பெயர், எதற்கு, மேலே பட்டால் முதலில் என்ன செய்வது. வாசகங்களை ஆச்சிமார்களோடு உட்கார்ந்துதான் எழுதினேன். 'கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர், அப்புறம்தான் ஆட்டோ' என்பது அவர்கள் சொன்ன வாக்கியம், நான் எழுதியிருந்தால் இத்தனை தெளிவாக வந்திருக்காது. காஸ்டிக் தோலில் பட்டால் முதலில் எரியாது, வழுவழுப்பாக இருக்கும், அந்த வழுவழுப்பே தோல் கரைகிற அறிகுறி என்பதையும் சேர்த்தோம். கரைசல் போடும்போது காஸ்டிக் செதிலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும், செதில்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும், அது தீப்பிடிக்கும் வாயு. கழுவி முடித்த தொட்டியில் காஸ்டிக் மிச்சம் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் pH தாள் வைத்துப் பார்த்த பிறகே எண்ணெய் ஊற்றுகிறோம்.

பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் வேறு வேறு அறைக்கு மாற்றியதுதான் கஷ்டமாக இருந்தது, ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். நம் ஊரில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் சிக்ரி எனும் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதே, அதை வைத்தே சொன்னேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக் சோடா, இதுவும் மின்வேதியியல்தான். அந்தக் குளோரினைக் காஸ்டிக்கில் கரைத்து அடக்கியதுதான் நாம் வாங்கும் பிளீச்சிங் கரைசல். ஆசிட் பட்டால் அடங்கியிருந்த குளோரின் திரும்ப வெளியே வரும். மூடிய கழிப்பறையில் அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் போய்விடும். இதைக் கேட்ட பிறகு யாரும் இரண்டையும் சேர்த்து வைக்கவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கண் கழுவும் குழாயை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இழுத்திருந்தோம். சித்திரை மாதம் மதியம் திறந்து பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. கண்ணுக்கு 38 டிகிரிக்கு மேல் ஆகாது, அதுவும் 15 நிமிடம் அந்த வெந்நீரில் யாரால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியும்? நிழலில் தனித் தொட்டி கட்டக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறார். அதுவரை குழாய்ப் பக்கத்தில் இரண்டு மண்பானை நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறோம், தினமும் காலையில் மாற்றி ஊற்றுவது அந்த ஆச்சிதான்.