மூணு விரல் குறைச்சல்

ஜூலை 20, 2024, சனி, உவரி

விண்ட்சர்ஃபிங் போகலாமென்று வந்தால், ஒன்பது மணிக்கே கச்சான் என்கிற மேல்காற்று ஏறிவிட்டது. ஆடி பிறந்து நாலு நாள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பாதி காற்றாலைக்கு, மீதி எனக்கு.

நான் நின்று ஓட்டுகிற பாய்மரப் பலகை, அதாவது போர்டு, கன அளவு 120 லிட்டர், அகலம் 75 செ.மீ. பாய் 6.5 சதுர மீட்டர், போர்டின் அடியில் தண்ணீருக்குள் நிற்கிற ஃபின் 44 செ.மீ. இளங்காற்றுக்கு இந்தச் சோடி அருமை. இன்று வேகம் பிடித்ததும் ஃபின் போர்டையே தூக்கியது. நான் மிதிக்கிற விளிம்பு எழும்ப எழும்ப, குதிகாலால் அழுத்தியே முழங்கால் போனது. பாயை 5.0 ஆக்கினேன். அப்போதும் அதே ஆட்டம்.

ஜூலை 22, திங்கள்

பட்டறையில் காற்றாலை இறக்கைக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டே யோசித்தேன். ஃபினும் இறக்கைதான், தண்ணீருக்குள் நிற்கிற இறக்கை. காற்றாலை இறக்கைக்கு ஒரு பக்கம்தான் வயிறு. ஃபினுக்கு இரண்டு பக்கமும் ஒரே வளைவு. போகவும் வேண்டும், வரவும் வேண்டுமே. வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. அப்படியானால் பலத்த காற்றுக்குச் சின்னதே போதும். சனிக்கிழமை 30 செ.மீ. ஃபின் போடப் போகிறேன்.

ஜூலை 27, சனி

அவமானம்.

5.0 பாய், 30 ஃபின். ஓடும்போது குறையில்லை, கிளம்பும்போதுதான் வினை. வேகம் வருமுன்னே பின்காலை அழுத்தினேன். ஃபின் ஓரமாகக் காற்று உறிஞ்சி இறங்க, போர்டின் பின்பக்கம் படாரென்று பக்கவாட்டில் வழுக்கியது. இங்கே கச்சான் கரையை விட்டுச் சாய்வாகக் கடலுக்குள் வீசும். எதிர்த்து ஏற முடியாவிட்டால் கரை கிடையாது. நாலாவது தடவை வழுக்கியபோது கோயில் கோபுரம் சுண்டுவிரல் உயரம்தான் தெரிந்தது. ஒரு ஃபைபர் படகு கயிறு போட்டு இழுத்து வந்தது.

படகிலிருந்த பெரியவர் ஃபினைத் தடவிப் பார்த்தார். “என்ன தம்பி, சுறா இறகு கணக்கா இருக்கு? கட்டுமரத்துல பாய் ஏத்துனா நாங்களும் பலகைய இறக்குவோம்லா, இல்லன்னா மரம் காத்தோட போயிரும். நீ சாண் பலகைய வச்சுக்கிட்டு கச்சான்ல வாறியே!”

“பெருசு போட்டா தூக்குது தாத்தா.”

“அப்ப நடுவுல ஒண்ணு செய்யி.”

ஜூலை 30, செவ்வாய்

நுனி பாறையில் அடிபட்ட பழைய 42 செ.மீ. ஃபின் ஒன்று வீட்டில் கிடந்தது. மூணு விரல், அதாவது 6 செ.மீ. அறுத்தேன். 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 240, கடைசியில் தண்ணீர் தொட்டு 400. முன்விளிம்பு உருண்டையாக வேண்டும், பின்விளிம்பு மெலிய வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்து இரு பக்க வளைவும் ஒன்றுதானா என்று பார்த்துப் பார்த்தே இரவு பதினொன்று. முகமூடி போட்டும் கழுத்தெல்லாம் ஃபைபர் அரிப்பு. போனது ஒல்லி நுனிதான், அகலமான அடிப்பாகம் அப்படியே இருக்கிறது. அதனால் 36 என்றே வார்த்து வருகிற ஃபினைவிட இதற்குப் பரப்பு கொஞ்சம் கூடுதல்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

5.0 பாய், அறுத்த 36. கிளம்பும்போது பின்காலை அழுத்தவே இல்லை. வேகம் வந்தபிறகுதான் பாரம் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. காற்றை எதிர்த்து ஏறி, புறப்பட்ட இடத்துக்கு மேற்கேயே கரை சேர்ந்தேன். பெரிய வீச்சு ஒன்றில் மட்டும் விளிம்பு தூக்கியது. இன்னும் 2 செ.மீ. அறுக்கலாமா என்று கை துறுதுறுக்கிறது. நாளை ஆடி அமாவாசைக் கூட்டம், கடலுக்குப் போக முடியாது. யோசிக்க நேரமிருக்கிறது.

பெரியவர் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அறுத்த நுனித் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வலைக்கண் அளவுக்கு ஆகுமாம்.