புல்மோட்டைக்கு ஏன் 50567? திருகோணமலை முகவரிகளைச் சரிபார்த்த அனுபவம்

எங்கள் ஊர்ச் சங்கம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. விண்ணப்பித்தவர்களுக்கு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் பதிவுத் தபாலில் போகும். கடந்த முறை அந்தக் கடிதங்களில் கணிசமானவை திரும்பி வந்துவிட்டன. கடிதம் கிடைக்காத பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு நடந்ததே தெரியாது. மூதூர்ப் பக்கம், வெருகல் பக்கம் என்று தூரத்தில் இருக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் விடுபட்டார்கள். உதவி மிகவும் தேவைப்படுபவர்களும் அவர்கள்தான். அதனால், அடுத்த சுற்றுக்கு முன் முகவரிப் பட்டியல் முழுவதையும் திருத்தும் வேலையை நான் பொறுப்பேற்றேன். கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று யார் கையில் முகவரிப் பட்டியல் இருந்தாலும் இதே சிக்கல்கள் இருக்கும் என்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கையில் இருந்தவை ஓர் எக்செல் கோப்பும் விண்ணப்பப் படிவங்கள் நிறைந்த பெட்டிகளும். பெரும்பாலான படிவங்கள் தமிழில் இருந்தன. சில ஆங்கிலத்தில், சில சிங்களத்தில். பல ஆண்டுகளாகப் பலர் தட்டச்சு செய்த கோப்பு அது. பழைய பகுதி, ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது; எழுத்துருவை மாற்றினால் திருகோணமலை என்ற பெயரே புரியாத ஆங்கில எழுத்துகளின் கோவையாகத் தெரியும். அதை முதலில், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றினேன். அதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் நிறையவே உள்ளன.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு தொல்லை மிஞ்சியது. ‘தோப்பூர்’ என்று தேடினால் சில வரிகள் அகப்படவில்லை, கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. ஓகார உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியாக ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியது மற்றொன்று. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கம் செய்ததும் இரண்டும் ஒன்றாயின. தமிழ்த் தரவைத் தொடுகிற எவரும் வேறு எதற்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைச் செய்யாமல் ஊர்வாரியாக எண்ணிப் பார்த்தால் வரும் தொகை ஒவ்வொன்றும் பிழையாகவே இருக்கும்.

அடுத்தது எண்கள். வீட்டு இலக்கம் 5/2 என்று தட்டினால் எக்செல் அதைத் திகதியாக மாற்றிவிடும். எங்கள் கோப்பில் உட்துறைமுக வீதியில் ஒரு பிள்ளையின் வீட்டு இலக்கம் பெப்ரவரி மாதமாக நின்றது. கொழும்பில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். வெள்ளவத்தையின் தபால் குறியீடு 00600. முன்னால் உள்ள பூச்சியங்கள் கழன்று வெறும் 600 ஆகியிருந்தது. தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நிரல்களை எண்ணாக அல்லாமல் எழுத்தாகக் குறித்துவிட்டால் இந்தச் சேதம் நேராது. நேர்ந்த பிறகு திருத்தப் படிவத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். 5/2 எது, 2/5 எது என்று திகதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த எங்கள் செயலாளருக்கு நன்றி.

இனித் தபால் குறியீடுகள். இலங்கையில் அவை ஐந்து இலக்கம் கொண்டவை. மட்டக்களப்பு 30000, திருகோணமலை 31000, அம்பாறை 32000. எங்கள் மாவட்டத்துக்குள் நிலாவெளி 31010, சீனக்குடா 31050, கிண்ணியா 31100, மூதூர் 31200, கந்தளாய் 31300 என்று போகும். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவாகக் கிடைக்கும் பட்டியல்களில் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று ஜியோநேம்ஸ் என்ற இடப்பெயர்த் தரவுத்தளம் வெளியிடுவது. மற்றது பல தளங்களில் படியெடுத்துப் போடப்பட்டிருக்கும் ஒரு பொதுப் பட்டியல். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே பிழை தேடுவது கடினம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, முரண்படும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால் வேலை பாதியாகக் குறைகிறது.

முதல் சோதனை எளிது: திருகோணமலை மாவட்டம் என்று குறித்த ஒவ்வொரு வரியிலும் குறியீடு 31இல் தொடங்குகிறதா? பொதுப் பட்டியலில் சில வரிகள் தவறின. அவற்றில் ஒன்று துறைநீலாவணை, குறியீடு 30இல் தொடங்கியது. துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கோடியில், கல்முனைக்கு அருகே இருக்கும் ஊர். குறியீடு சரி, மாவட்டம்தான் பிழை. மற்றொன்று புல்மோட்டை, 50567. ஐம்பதில் தொடங்கும் வரிசை அநுராதபுரத்துக்குரியது. இதுவும் அதே மாதிரிப் பிழைதான் என்று திருத்திவிடக் கை பரபரக்கும். ஆனால் புல்மோட்டையிலிருந்து பதவிய வழியாக அநுராதபுர மாவட்டத்துக்குள் பாதை போகிறது. தபால் குறியீடு கடிதம் பிரிக்கும் ஒழுங்கைப் பின்பற்றுவது. மாவட்ட எல்லையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆகவே குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் புல்மோட்டைக்கு 50 வரிசையில் குறியீடு இருப்பதில் முரண் எதுவும் இல்லை. ஒரே சோதனையில் தவறிய இரண்டு வரிகளில் ஒன்று மெய்யான பிழை, மற்றது சரியான தரவு. சோதனையில் தவறியதையெல்லாம் தானாகத் திருத்தும் கட்டளையை எழுதியிருந்தால் புல்மோட்டைப் பிள்ளைகளின் கடிதங்களை நாமே தவறான பைக்குள் போட்டிருப்போம். சோதனை சந்தேகத்தைக் காட்டட்டும், திருத்துவதை மனிதர் செய்யட்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

நம் நாட்டில் ஒரு குறியீடு சுட்டுவது கடிதம் போய்ச் சேரும் தபாலகத்தை. வீடு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. பிரித்தானியாவில் நிலைமை வேறு: அங்கே ஒரு குறியீட்டின் கீழ் சராசரியாகப் பதினைந்து முகவரிகள் அளவிலேயே வரும், குறியீட்டைத் தட்டினாலே தெரு கிடைத்துவிடும். அந்நாட்டின் நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வே 2010 முதல் கோட்-பொயின்ட் ஓப்பன் என்ற பெயரில் அந்தக் குறியீடுகளை ஆள்கூறுகளோடு (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்கள்) இலவசமாக வெளியிடுகிறது. அந்தத் தரவில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு நிரல். ஒவ்வொரு குறியீட்டின் ஆள்கூற்றும் எவ்வளவு துல்லியமானது என்பதற்கு ஓர் எண் இருக்கும்: 10 என்றால் ஒரு கட்டடத்துக்குள்ளேயே விழும் புள்ளி, 90 என்றால் ஆள்கூறே இல்லை. ஜியோநேம்ஸ் பட்டியலிலும் 1 முதல் 6 வரை இதே மாதிரி ஒரு நிரல் உண்டு. 1 என்றால் உத்தேசமாக இட்ட புள்ளி. பட்டியலைத் தரவிறக்கும் பலர் இந்த நிரலைத் தேவையில்லை என்று அழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முழுக் கோப்பிலும் விலைமதிப்புள்ள நிரல் அதுதான்.

ஊர்ப் பெயர்களைப் பொருத்துவதில் அதிக நேரம் போனது. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் ஒத்த பெயர்களைக் கொத்தாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. மூதூருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல்கள், தம்பலகாமத்துக்குத் தமிழ் வழியாக ஒன்றும் சிங்கள வழியாக ஒன்றும், ஈச்சிலம்பற்றுக்கு எண்ணவே வேண்டாம். இவற்றையெல்லாம் அது அழகாகச் சேர்த்துத் தந்தது. ஆனால் கன்னியாவையும் கிண்ணியாவையும் ஒரே ஊராக்கப் பார்த்தது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் கன்னியா, நகருக்கு வடமேற்கே அநுராதபுரம் போகும் வழிப் பக்கம். கிண்ணியா தெற்கே, பாலத்துக்கு அப்பால். வெளியூரில் இருந்து யாராவது இந்தப் பட்டியலைச் சுத்தம் செய்திருந்தால் சேர்ப்பதற்கான பொத்தானை யோசிக்காமல் அழுத்தியிருப்பார். இந்த வேலையை ஊரை அறிந்தவர் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முகவரிகளில் வரும் வேறு எண்களும் கவனம் கேட்கின்றன. ‘மூதூர்-03’ என்று எழுதினால் அந்த 3 வீட்டு இலக்கம் அல்ல, வட்டாரம். ‘4ஆம் கட்டை’ என்றால் மைல்கல். பாடசாலை வீதி, பள்ளி வீதி, கோயில் வீதி இல்லாத ஊர் எங்கள் மாவட்டத்தில் இல்லை. வீதிப் பெயரையும் திருகோணமலை என்பதையும் மட்டும் வைத்துத் தேடினால் வரைபடம் எந்த ஊருக்கும் கொண்டுபோய் விட்டுவிடும்.

வீட்டின் இடத்தைப் பிடித்துத் தருவது, நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவுதான். தங்கள் பிரிவு எது என்று எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். வாக்காளர் இடாப்பு முதல் வதிவிடச் சான்றிதழ் வரை எல்லாம் அதை வைத்துத்தான் நடக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. அவற்றின் எல்லைகள் ஐ.நா. மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் தரவுத்தளத்தில் திறந்த கோப்பாகக் கிடைக்கின்றன; திருகோணமலை மாவட்டத்துக்கு எல்கே53 என்ற அடையாளக் குறி. அதைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, பட்டியல்களில் இருந்த தபாலகப் புள்ளிகளை மேலே இட்டேன்.

படத்தைப் பார்த்தவுடன் பல பிழைகள் வெளிச்சத்துக்கு வந்தன. சில புள்ளிகள் மூதூருக்கும் நகருக்கும் நடுவில் உள்ள கொட்டியாரக் குடாவுக்குள் மிதந்தன. ஆள்கூற்றைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வரை தள்ளிப்போகலாம். கரையோர ஊர்களுக்கு அது போதும், கடலுக்குள் விழ. ஓரிரு புள்ளிகள் வடதுருவப் பக்கம் போயிருந்தன. எங்கள் ஊர் அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

குடாக் கடல் எங்களுக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருந்தது. குறியீடு எழுதாத விண்ணப்பங்களுக்கு ‘மிக அருகில் உள்ள தபாலகம்’ எது என்று கணினியைக் கேட்டுப் பார்த்தேன். அது நேர்கோட்டில் அளக்கிறது. மூதூருக்கும் திருகோணமலை நகருக்கும் நடுவில் கடல் இருப்பது அதற்குத் தெரியாது. வெள்ளைமணல் பக்கத்து வீடுகளை நீரிணைக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவோடு சேர்த்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மனிதர்கள் அப்படிப் போய்வரலாம். தபால் பிரிப்பு அந்தக் கோட்டைப் பின்பற்றவில்லை. அந்த முறையில் வந்த விடைகள் அத்தனையையும் ‘ஊகம்’ என்று குறித்து ஒதுக்கி வைத்தேன்.

சம்பூர் வரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2006இல் இடம்பெயர்ந்த அம்மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். நிலம் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்புவது 2015க்குப் பிறகுதான் கூடியது. எங்கள் கோப்பில் அண்ணனின் முகவரி முகாம், சில ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்த தங்கையின் முகவரி சம்பூர். இரட்டிப்புகளைத் தேடும் கருவி இவர்களை இரு குடும்பங்கள் என்றது. வேறொரு விதியை வைத்தால் பழைய முகவரியே சரி என்று புதியதை நீக்கப் பார்த்தது. முகவரிக்கும் திகதி உண்டு. எந்த ஆண்டில் தந்த முகவரி என்ற நிரல் இல்லாவிட்டால் இந்தக் குடும்பங்களுக்கு நாம் நியாயம் செய்ய முடியாது. அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கேட்டே உறுதிசெய்தோம்.

கணினி வேலை முடிந்ததும், ஒவ்வொரு தபாலகப் பகுதியில் இருந்தும் சில முகவரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் சரிபார்த்தோம். மொத்தப் பட்டியலில் இருந்து குலுக்கினால் நகர முகவரிகளே அதிகம் வந்து, வெருகல் போன்ற சிறிய பகுதிகள் விடுபட்டுவிடும். அதனால்தான் பகுதிவாரியாக எடுத்தோம். ஓர் உப தபாலகத்தில் வீதிப் பெயர்கள் மட்டும் கொண்ட தாளைத் தபாலதிபரிடம் கொடுத்தேன். பிள்ளைகளின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ அதில் வைக்கவில்லை. அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்து மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே வந்தார். ‘தம்பி, இந்த ஒழுங்கையின் இந்தப் பக்கம் மட்டும்தான் எங்களுக்கு. எதிர்ப்பக்கம் மற்றத் தபாலகம்’ என்று ஒரு வீதிக்கு நடுவே கோடு போட்டார். அந்தக் கோடு எந்தத் திறந்த தரவிலும் இல்லை. தபால் பகிரும் எல்லைகளை யாரும் வரைபடமாக வெளியிட்டதை நான் கண்டதில்லை. அவை இப்படிப்பட்ட மனிதர்களின் நினைவில்தான் இருக்கின்றன.

இப்போது எங்கள் கோப்பில் குறியீடும் கிராம உத்தியோகத்தர் பிரிவும் தனித்தனி நிரல்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பகக் குறி: குடும்பம் உறுதிசெய்தது, தபாலகம் உறுதிசெய்தது, இரு பட்டியல்களிலும் ஒத்தது, ஊகம். ஊகம் என்று குறித்த முகவரிக்குக் கடிதம் மட்டும் அனுப்பிவிட்டு இருக்க மாட்டோம், தொலைபேசியிலும் அழைப்போம். விடுபட்டிருந்த வீதிப் பெயர்களை, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்து வருகிறேன். நேரில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே சேர்க்கிறேன், வேறு வரைபடத்தைப் பார்த்துப் படியெடுப்பதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. பிள்ளைகளின் வீட்டு முகவரிகள் எதுவும் வெளியே போகவில்லை, போகவும் கூடாது.

விண்ணப்பப் படிவத்தையும் மாற்றிவிட்டோம். ‘தபால் குறியீடு’ என்ற பெட்டிக்கு மேலே இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: உங்கள் வீட்டுக் கடிதங்கள் எந்தத் தபாலகத்தில் இருந்து வருகின்றன? உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எது? இதுவரை வந்த புதிய படிவங்களில், குறியீட்டுப் பெட்டியை வெறுமையாக விட்டவர்கள்கூட இந்த இரண்டையும் நிரப்பியே அனுப்பியிருக்கிறார்கள்.